ஆறாவது தலை

டப்ளின். ஆற்றுக்கு வடகரை. மார்ச் மாத ஈரம்.
மாநகராட்சியின் அளவு நாடாவைக்
கோட்டுப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு
நாலு மாடி ஏறுகிறேன்.
படிக்கட்டின் மரக்கம்பிகளைப் போன குளிரிலேயே
யாரோ அடுப்பில் வைத்துவிட்டார்கள்.
ஏறுகிறவன் சுவரைத்தான் பிடிக்க வேண்டும்.
சுவர் கையோடு வருகிறது.

எந்தக் காலத்திலோ ஒரு பிரபு நடனமாடிய கூடம் இது.
கூரையில் இன்னும் சுண்ணாம்புத் திராட்சைகள் காய்த்திருக்கின்றன.
பலகை வைத்து மூன்றாக்கி மூன்று குடும்பம்.
ஹெகார்ட்டி பங்குக்கு ஒரு கொடியும்
பாதி தேவதையும் வந்திருக்கின்றன.

பதினான்கு அடிக்குப் பதினொன்று.
நாடாவின் மறுமுனையைப் பிடித்திருக்கும் பையனுக்கு இருமல்.
அவன் இருமினால் அறை அரை அங்குலம் நீள்கிறது,
பிறகு சுருங்குகிறது.
நடுவில் உள்ளதை எழுதிக்கொள்கிறேன்.

விதி எளிது. அச்சடித்த தாள், நாலாம் பக்கம்.
ஓர் அறையில் ஆறு தலை என்றால் இந்த மாதப் பட்டியல்,
ஐந்து என்றால் காத்திருப்பு.
எத்தனை நாள் என்று தாளில் இல்லை.
கேட்கிறவர்களிடம் "பார்க்கலாம்" என்பேன்.
அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பேருக்கு நரைத்துவிட்டது.

கன்செப்டா ஹெகார்ட்டி விரல் மடக்குகிறாள்:
தான், கப்பலில் நிலக்கரி இறக்கும் கணவன்,
இரட்டைப் பெண்கள், இருமுகிறவன்,
அப்புறம் மூத்தவன் மாலக்கி.
"வேலைக்குப் போயிருக்கிறான். ராத்திரி வந்துவிடுவான்."

கட்டிலுக்கடியில் அவன் பூட்ஸ்,
மெழுகு போட்டுத் துடைத்தது, வாசலைப் பார்த்தபடி.
உள்ளே கைவிட்டுப் பார்க்க எனக்கு அதிகாரம் உண்டு.
விட்டேன்.
சிலந்தி ஒன்று, குடிவந்து ரொம்ப நாளாகியிருந்தது,
விண்ணப்பம் எதுவும் போடாமல்.

நிமிர்ந்தால் கடிகாரத்துக்குப் பின்னால் ஓர் உறை.
மூலையில் இங்கிலாந்து ராணி,
கழுத்தில் பர்மிங்ஹாம் முத்திரை.
இந்த வீட்டின் ஆறாவது தலை
தபால்தலைதான்.

நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.
கெஞ்சவில்லை. கடிகாரத்தை நகர்த்தவுமில்லை.
பிடியுள்ள ஒரே கோப்பையில் தேநீர் ஊற்றி
என் பக்கம் தள்ளினாள்.

பலகைக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதது.
டுலே வீட்டுக் குழந்தை, பிறந்து ஒன்பது நாள்.
அங்கும் ஆறாவது அதுதான்,
சாட்சி தேவையில்லாத தலை.
பாலிஃபெர்மட்டில் காலியாக இருப்பதோ ஒரு வீடு:
தனிக் குழாய், பின்புறம் கையகலத் தோட்டம்.
இரண்டு ஆறு வந்தால் அறையில் மூத்தவருக்கு.
ஹெகார்ட்டி பதினாலு வருடம். டுலே மூன்று.
இது அந்தத் தளத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்.

போய்க் கேட்டேன்.
"மாலக்கி இங்கேதான் இருக்கிறானா, அம்மா?"
அட்டா டுலே குழந்தையை மறுதோளுக்கு மாற்றினாள்.
"நேற்று ராத்திரிகூடப் படியில் தடதடவென்று வந்தானே.
இவளை எழுப்பிவிட்டான், பாவி."
கண்ணைக்கூட இறக்கவில்லை.
கூரையில் அவள் பக்கத்துப் பாதி தேவதை,
தலையில்லாத பாதி.

திரும்பி வந்தபோது தேநீர் ஆறியிருந்தது.
குடித்துவிட்டே இறங்கினேன்.
பாலத்தில் நின்று, பேனாவுக்குக் காற்று மறைத்து,
ஐந்து என்று எழுதினேன்.
கீழே ஆறு. தாளில் ஐந்து.
என்னை யாரும் கேட்கவில்லை,
ஆகவே காரணம் சொல்லிப் பழகவில்லை.

டுலே சாமான்கள் ஒரு சனிக்கிழமை இறங்கினவாம்.
இரட்டைப் பெண்கள் தொட்டிலைத் தூக்கினார்களாம்.
கன்செப்டா பூட்ஸைக் கொடுத்தாளா,
கொடுத்து வாங்க மறுத்தார்களா,
இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள்.

மே மாதம் மறுபடி நாலு மாடி.
டுலே அறையில் அதற்குள் புதிதாக ஏழு தலை.
குனிந்து நாடாவை நீட்டினேன்.
இருமுகிறவன் எங்கிருந்தோ வந்து
மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்,
இம்முறை
மூச்சை அடக்கியபடி.